மொழியை வளர்த்தது யார்? பண்டிதரா, பாட்டாளியா?

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். சில மாதங்களுக்கு முன் அதன் வாசலில் ஒரு தாள் ஒட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். மூன்று ஷிப்டும் அதைக் கடந்து போயிற்று. "போனஸ் அறிவிப்பு" என்றார் ஒருவர். "லீவு நாள் பட்டியல்" என்றார் இன்னொருவர். கடைசியில், அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த ஒரு தொழிலாளியின் மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள், நின்று எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள். ஸ்பின்னிங்கில் இரண்டு சைடு பார்க்கிறவர்கள் இனி மூன்று சைடு பார்க்க வேண்டுமாம். மறுத்தால் நடவடிக்கையாம். கூலியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது!

அன்று மாலை நாம் வாசலில் கூடினோம். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் இருபது பேர் தூரத்தில் ஒதுங்கி நின்றார்கள். தாளும் அவர்களுக்குப் புரியவில்லை, நம் பேச்சும் புரியவில்லை. ஆள்பிடித்துக் கொண்டுவந்த காண்டிராக்டர் அவர்கள் காதில் ஒன்றை ஓதியிருந்தான்: "இந்த ஊர்க்காரன் உங்களைத் துரத்துவதற்குத்தான் கூட்டம் போடுகிறான்!"

தாளைத் தமிழில் ஒட்டினால் என்ன என்று அதிகாரியைக் கேட்டோம். "தொழில் விஷயமெல்லாம் தமிழில் சொல்ல வராதய்யா. அதற்கு உங்கள் பாஷையில் வார்த்தை போதாது" என்றார். ஒடிசாப் பையன்களுக்கு நாலு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுக்கலாமே என்று காண்டிராக்டரைக் கேட்டோம். "அவனுகளுக்குத் தமிழ் எதுக்கு? கை இருந்தால் போதும்" என்றான்.

தோழர்களே! இந்த இரண்டு பதில்களும் ஒரே வாயிலிருந்து வந்தவைதான். முதலாவது, பாட்டாளியின் மொழிக்கு அறிவு போதாது என்கிறது. இரண்டாவது, பாட்டாளிக்கு மொழியே வேண்டாம் என்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

மொழி எங்கே பிறக்கிறது?

மொழி வானத்திலிருந்து விழுந்ததல்ல. அரண்மனையில் பெற்றெடுத்ததும் அல்ல. மனிதன் மனிதனோடு சேர்ந்து உழைத்த இடத்தில்தான் அது வளர்ந்தது. ஒரு கல்லைப் பத்துப் பேர் சேர்ந்து நகர்த்த வேண்டும் என்றால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். அதற்கு ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலுக்கு ஒரு பொருள் வேண்டும்.

இது வெறும் ஊகம் என்று சொல்கிறவர்களுக்கு, நம் காலத்திலேயே ஒரு மொழி பிறந்த கதையைச் சொல்கிறோம். 1979ல் நிகரகுவா நாட்டில் சொமோசாவின் சர்வாதிகாரத்தை ஜனங்கள் தூக்கி எறிந்தார்கள். அந்தக் காலத்தையொட்டி, தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளிகள் நடக்கத் தொடங்கின. அதுவரை அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்றாகத் தனித்துக் கிடந்தவர்கள். ஆளுக்கு ஒரு ஜாடை வைத்திருந்தார்கள். வாத்தியார்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள். அது ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் தங்களுக்குள் கையால் பேசிக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அது ஒரு முழு மொழியாக எழுந்தது. பின்னால் வந்து சேர்ந்த சின்னஞ்சிறுசுகள் அதற்கு ஒழுங்கான இலக்கணத்தையே உண்டாக்கிவிட்டார்கள். உலகத்து மொழி ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய்ப் பார்த்து வியந்தார்கள்.

அந்த மொழிக்கு எந்தப் பண்டிதர் இலக்கணம் எழுதிக் கொடுத்தார்? எந்த மன்னன் சங்கம் வைத்தான்? ஒருவரும் இல்லை. மனிதர்கள் ஒன்றுசேர்ந்தார்கள், சொல்லவேண்டிய விஷயம் இருந்தது, மொழி பிறந்தது.

பானையில் கீறிய பெயர்கள்

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் மதுரை என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் சங்கத்துக்கு வெளியே இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வாய் மூடியா கிடந்தார்கள்?

மதுரைக்குத் தென்கிழக்கே சிறிது தூரத்தில், வைகைக் கரையை ஒட்டி இருக்கிறது கீழடி. 2015ல் தோண்ட ஆரம்பித்தார்கள். 2017-18ல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 56 கிடைத்தன. ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டது. அந்த ஓடுகளில் இருப்பவை ராஜாவின் கீர்த்தி அல்ல. ஆதன், குவிரன் ஆதன் போன்ற பெயர்கள். கையெழுத்து எல்லாம் ஒன்றுபோலவும் இல்லை. ஆகவே பானையை வைத்திருந்தவர்களே எழுதியிருக்க வேண்டும் என்று தொல்லியல் துறை கருதுகிறது. அதே மண்ணில் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. நூற்கத் தெரிந்தவர்கள் வாழ்ந்த ஊரில், சோற்றுப் பானையில் பேர் எழுதத் தெரிந்தவர்களும் வாழ்ந்தார்கள் தோழர்களே!

தமிழில் 'நூல்' என்றால் பஞ்சில் நூற்பதும் நூல், படிக்கிற புத்தகமும் நூல். ஏன் என்று யோசித்ததுண்டா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரமே இதைச் சொல்கிறது. சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவன்தான் நூற்கிற பெண், அவன் வாய் அவளுடைய கை, அவன் மதி அவளுடைய கதிர். இலக்கணப் பண்டிதருக்கே புத்தகம் என்றால் என்னவென்று விளக்குவதற்கு ஒரு நூற்புக்காரியின் உழைப்பைத்தான் காட்ட வேண்டியிருந்தது. இன்று ரிங் பிரேமின் முன் நிற்கிற நம் சகோதரியைப் பார்த்து, "உனக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள். சம்பந்தம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது!

வயற்காட்டுக்கு வாருங்கள். பெரியாற்றுத் தண்ணீர் 1895ல் வைகைக்கு வந்ததற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இந்தச் சீமையில் மழைத் தண்ணீரைக் கட்டிவைத்துப் பிழைத்தவர்கள் நாம். அதனால் தண்ணீருக்கு நம்மிடம் எத்தனை வார்த்தை! கண்மாய், ஏந்தல், ஊருணி, வரத்துக்கால், மடை, கலிங்கு, மறுகால். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை. மண்ணுக்குக் கரிசல், செவல், வண்டல், உவர். மேலூரிலும் வாடிப்பட்டியிலும் நடவு நடுகிற ஒரு பெண்ணுக்குத் தெரிந்த இந்தச் சொற்களில் பாதி, குளுகுளு அறையில் உட்கார்ந்து "தமிழில் வார்த்தை போதாது" என்று சொல்கிற கனவானுக்குத் தெரியாது. போதாதது தமிழா, கனவானா?

இந்தச் செல்வத்தைத் தொகுக்க வேண்டும் என்று தோன்றியது யாருக்கு? நா.வானமாமலை ஊர் ஊராக ஜனங்களின் பாட்டைத் திரட்டி 1964ல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' கொண்டுவந்தார். ஏழாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை விட்ட இடைசெவல் விவசாயி கி.ராஜநாராயணன் 1982ல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். அவருடைய வீட்டு மொழி தெலுங்கு. பல்கலைக் கழகங்கள் எழுந்து நடக்குமுன் ஒரு சம்சாரி நடந்து முடித்துவிட்டார்!

உழுகிறவன் சொல்லும், ஜப்தி செய்கிறவன் சொல்லும்

மொழி மாறாமல் நிற்பதில்லை. 'யான்' என்று சொன்ன வாய்தான் 'நான்' என்கிறது. 'யாடு' ஆடாயிற்று, 'யாமை' ஆமையாயிற்று, 'யாண்டு' ஆண்டாயிற்று. எழுத்தும் அப்படியே. பாண்டிய நாட்டில் ஒரு காலத்தில் வட்டெழுத்துத்தான் வழங்கியது. சோழர்கள் மதுரையைப் பிடித்தார்கள். அதன்பின் அவர்களுடைய எழுத்து வந்தது, வட்டெழுத்து மெல்ல மறைந்தது. ஆட்சி மாறியபோது எழுத்து மாறியது. ஜனங்களின் பேச்சை மட்டும் எந்த ஆட்சியாலும் அழிக்க முடியவில்லை.

வெளிச்சொல்லும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. போர்த்துக்கீசியன் வந்தான், சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி, ஏலம் வந்தன. நவாப் ஆட்சியும் அதன் பின்னால் கும்பெனி ஆட்சியும் வந்தன. தாசில்தார், ஜமாபந்தி, கிஸ்தி, வசூல், பாக்கி, ஜப்தி, அமீனா, ஜாமீன் எல்லாம் வந்தன.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். ஏர், மேழி, நாற்று, நடவு, களை, கதிர், களம், பதர் எல்லாம் தமிழ். விளைந்ததை வந்து எடுத்துக்கொண்டு போகிற இடத்தில்தான் கிஸ்தியும் ஜப்தியும் வருகின்றன! உழுகிறவன் சொல் ஒரு மொழி, பறிக்கிறவன் சொல் ஒரு மொழி.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1066ல் நார்மன் பிரபுக்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்கள் பேசியது பிரெஞ்சு. இங்கிலீஷ் அப்போது குடியானவனின் பேச்சு. மாட்டையும் ஆட்டையும் பன்றியையும் மேய்த்தவன் குடியானவன். ஆகவே உயிரோடிருக்கிற பிராணிக்கு அவனுடைய சொல்: கவ், ஷீப், பிக். வெட்டித் தட்டில் வைத்துத் தின்றவன் பிரபு. ஆகவே கறிக்கு அவனுடைய சொல்: பீஃப், மட்டன், போர்க். மேய்த்தவன் ஒருவன், தின்றவன் ஒருவன் என்பதை இங்கிலீஷ் பாஷையே சாட்சி சொல்கிறது!

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு கோலோச்சியது. 1362ல் அந்த நாட்டுப் பார்லிமெண்டே சட்டம் போட்டது: ஜனங்களுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை, ஆகவே இங்கிலீஷில் வழக்காடுங்கள் என்று. இன்று "இங்கிலீஷ் இல்லாமல் சட்டம் இல்லை" என்கிற நம் ஊர் மேதாவிகளுக்கு இந்தச் சரித்திரம் தெரியுமா? இங்கிலீஷையும் ஒரு காலத்தில் "இது காட்டான் பாஷை, கோர்ட்டுக்கு லாயக்கில்லை" என்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள்!

இன்னொரு பக்கம் சிலர் இருக்கிறார்கள். தொழிலாளி ஷிப்ட், பாபின், டூட்டி, லீவு என்று பேசுவதால் தமிழ் கெட்டுப்போயிற்று என்று மூக்கைச் சுளிப்பவர்கள். 1916ல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தை நாம் பரிகசிக்கவில்லை. அந்த உணர்ச்சி நல்ல பல சொற்களைத் தந்திருக்கிறது. ஆனால் எந்தச் சொல் வாழும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் பண்டிதர் கையில் இல்லை, பேசுகிற ஜனங்கள் கையில் இருக்கிறது. 'ஸ்டிரைக்' என்றும் சொன்னோம், 'வேலைநிறுத்தம்' என்றும் சொன்னோம். 'லாக்கவுட்' என்றும் சொன்னோம், 'கதவடைப்பு' என்றும் சொன்னோம். வேண்டியபோது கடன் வாங்கினோம், வேண்டியபோது புதிதாகச் செய்தோம். இரண்டும் உயிருள்ள மொழியின் வேலைதான்.

கொடுத்ததும் உண்டு. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போயின. வங்கத் தொழிலாளி முதலாளியைச் சூழ்ந்து நின்று கேட்ட 'கேரோ' என்ற சொல் இங்கிலீஷ் அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. துரைமார்களின் அகராதிக்குச் சொல் தந்தவன் ஆலைத் தொழிலாளி!

ஜனங்கள் மொழியை எப்படிக் கற்கிறார்கள்?

"வளர்ந்த ஆளுக்குப் புது மொழி ஏறாது, அதுவும் படிக்காதவனுக்கு ஏறவே ஏறாது" என்பது இன்னொரு பொய்.

மதுரையைச் சுற்றிப் பாருங்கள். பட்டு நெய்ய வந்து குடியேறிய சௌராஷ்டிரர்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். குஜராத்தியும் மராத்தியும் தெலுங்கும் தமிழும் கலந்து, தறியோடு நடந்து வந்த மொழி அது. வீதியில் தமிழ் பேசுகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க எந்தச் சர்க்கார் உத்தரவு போட்டது? சந்தையும் தறியும் பக்கத்து வீடும் கற்றுக்கொடுத்தன. எப்படிக் கற்றார்கள் என்றால், தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணமாகத் தமிழ்நாடே கொண்டாடுகிற டி.எம்.சௌந்தரராஜன் அந்தச் சமூகத்தில் மதுரையில் பிறந்தவர்! நம் சுற்றுப்புறத்துச் சீமைகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிற விவசாயிகளும் கூலிக்காரர்களும் எத்தனை ஆயிரம்! அவர்கள் வீட்டு மொழியும் போகவில்லை, தமிழும் குறையவில்லை.

கடல் கடந்து போனவர்கள் கதையும் இதுவே. ராமநாதபுரத்திலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் பஞ்சம் பிழைக்க மலேயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் போன நம் பாட்டன்மார் எந்தப் பள்ளியில் மலாயும் பர்மியமும் சிங்களமும் படித்தார்கள்? தோட்டத்திலும் துறைமுகத்திலும் படித்தார்கள். முதலில் எண்ணிக்கை, பிறகு கூலி, பிறகு "முடியாது" என்ற சொல். கூலிக்காரன் எந்த மொழியைக் கற்றாலும் இந்த வரிசையில்தான் கற்கிறான்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? மொழி கற்பதற்கு மூன்று காரியம் வேண்டும். தேவை வேண்டும், கூடிப் பேச ஆள் வேண்டும், தப்பாகப் பேசினால் சிரிக்காத மனிதர்கள் வேண்டும். குழந்தைக்கு யாரும் இலக்கணம் சொல்லித் தருவதில்லை. அது ஆயிரம் தடவை தப்பாகச் சொல்கிறது. தாய் சிரித்து மகிழ்கிறாள், பரிகசிப்பதில்லை. அதனால் கற்றுக்கொள்கிறது. பெரியவனுக்கும் அதே வழிதான். கொஞ்சம் நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

எழுத்துக் கற்பதும் இப்படியே. 1961ல் கியூபாவில் ஒரே ஆண்டில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் ஏராளமானவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 1963ல் பிரேசில் நாட்டு அங்கிகோஸ் ஊரில் பாவ்லோ பிரெய்ரே முந்நூறு பேருக்கு ஏறக்குறைய 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பித்தார். எப்படி? அவர்கள் வாழ்க்கையில் இருந்த சொற்களைக் கொண்டே கற்பித்தார். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவரைச் சிறையில் தள்ளியது! கூலிக்காரன் எழுத்துப் படிப்பதைக் கண்டு துப்பாக்கிக்காரன் பயப்படுகிறான் என்றால், அந்த எழுத்தின் பலம் என்னவென்று யோசியுங்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, புதுக்கோட்டைச் சீமையில் கல்லுடைக்கிற பெண்களும் களை பறிக்கிற பெண்களும் இரவில் விளக்கு வைத்துப் படித்தார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அங்கே 'பட்டா' என்ற சொல்லைக் கொண்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா, ஆடு என்று தொடங்குகிற பாடம் குழந்தைக்குச் சரி. நிலமில்லாத ஏழைக்கு 'பட்டா' என்ற சொல் நெஞ்சில் தைக்கும், மறக்காது.

தடியெடுத்துக் கற்பிக்க முடியுமா?

"அப்படியானால் எல்லோரும் இந்தி படித்துவிடலாமே, பிழைப்புக்கு நல்லதுதானே?" என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது.

படிக்கட்டும்! யார் தடுத்தார்கள்? வடக்கே லாரி ஓட்டுகிற நம் தோழர் இந்தி பேசுகிறார். கோயிலைச் சுற்றி ஆட்டோ ஓட்டுகிறவர் இந்தியும் பேசுகிறார், இங்கிலீஷும் பேசுகிறார். தேவை வந்தது, கற்றார்கள். நாம் எதிர்ப்பது மொழியை அல்ல, தடியை.

1914ல் லெனின் ருஷ்யாவில் இதே கேள்விக்குப் பதில் எழுதினார். ருஷ்ய மொழி பெரிய மொழிதான், ஒவ்வொருவரும் அதைக் கற்க வாய்ப்பிருப்பது நல்லதுதான், ஆனால் கட்டாயம் என்று சொல்லித் தடியெடுத்தால் ஜனங்கள் அதை வெறுப்பார்கள், பொருளாதார வாழ்க்கையின் தேவையே அவர்களைக் கற்கவைக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். டில்லியிலிருந்து தடியெடுத்தவர்கள் அதைப் படிக்கவில்லை. 1965 ஜனவரி 25ந் தேதி மதுரை வீதிகளில் மாணவர்கள் ஊர்வலத்தில் மூண்ட கலவரம் தமிழகம் முழுவதும் பரவியது. எத்தனையோ உயிர்கள் போயின. தடி எந்த மொழியையும் கற்பிக்கவில்லை, வெறுப்பைத்தான் கற்பித்தது.

இன்றும் புத்தி வரவில்லை. தேசியக் கல்விக் கொள்கையையும் அதன் மும்மொழித் திட்டத்தையும் ஒட்டிய தகராறில், 2024-25ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தது. அது யார் வீட்டுப் பணம்? வரி கட்டியவன் நாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது நம் பிள்ளை. பட்டினி போட்டுப் பாடம் சொல்லித் தருகிற வாத்தியாரை உலகத்தில் எங்காவது கண்டதுண்டா?

இருட்டில் வைத்தால் லாபம்

ஆனால் தோழர்களே, டில்லியின் தடியைக் காட்டி, ஒடிசாப் பையனை எதிரி என்று நம்மிடம் சொல்கிறவனை நம்பாதீர்கள். அவன் இந்தியைத் திணிக்க வந்தவனா? அவனுடைய தாய்மொழி ஒடியா. இந்தி அவனுக்கும் இரண்டாவது மொழி. வயிற்றுப்பாட்டுக்காக நம் பாட்டன் மலேயாவுக்குப் போனதுபோல் அவன் மதுரைக்கு வந்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாதவரை அவன் வாய் காண்டிராக்டரின் வாய்தான். காண்டிராக்டர் சொன்ன கூலிதான் கூலி, காண்டிராக்டர் சொன்ன சேதிதான் சேதி.

2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பயந்தார்கள். பலர் ரயிலேறிவிட்டார்கள். பக்கத்து மிஷினில் நிற்கிற தமிழ்த் தொழிலாளியிடம் "அண்ணே, இது நிஜமா?" என்று கேட்க நாலு வார்த்தை தெரிந்திருந்தால் அந்தப் பொய் ஒரு மணி நேரம் உயிரோடிருக்குமா?

நம்மையும் இருட்டில் வைக்கிறார்கள். 1946ம் ஆண்டு நிலையாணைச் சட்டம், ஆலையின் நிலையாணைகளை இங்கிலீஷிலும் பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரிகிற மொழியிலும் வாசலில் ஒட்ட வேண்டும் என்று சொல்லியது. 1948ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 108வது பிரிவும் அறிவிப்புகளுக்கு அதையே சொல்லியது. இவை தானமாக வந்தவையல்ல. ஆனாலும் எத்தனை வாசல்களில் இவை காகிதத்தோடு நின்றன! 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். மத்திய சட்டத்தின்படி முன்பு 100 பேர் வேலை செய்கிற இடத்துக்கே நிலையாணை கட்டாயம். இப்போது 300 பேர் இருந்தால்தான் கட்டாயம். சின்ன ஆலைத் தொழிலாளிக்குத் தமிழிலும் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை, நிலையாணையே இல்லை!

நீதிமன்றத்தைப் பாருங்கள். 1956லேயே தமிழ் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 2004ல் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை வந்தது. வழக்குப் போட்டவன் வாடிப்பட்டிக் கூலிக்காரன், வாதம் இங்கிலீஷில். தன் வழக்கில் தான் ஜெயித்தானா தோற்றானா என்பதை வக்கீலின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். அரசியல் சட்டத்தின் 348வது பிரிவு வேறு மொழிக்கு வழி வைத்திருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. 2006ல் நம் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் போட்டது. அனுமதி கிடைக்கவில்லை. 2010ல் மதுரை வக்கீல்கள் பட்டினி கிடந்தும் பார்த்தார்கள். இங்கிலாந்துக் குடியானவனுக்கு 1362ல் கிடைத்த நியாயம் மதுரைக் குடியானவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை!

நம் குற்றமும் உண்டு

பிறரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாமா? கூடாது.

நம் நோட்டீசுகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரு வாக்கியம் பக்கத்தின் உச்சியில் தொடங்கி அடியில் முடிகிறது. நாற்று நடுகிற பெண் அதைப் படித்தால் மூச்சு முட்டும். அதிகாரி இங்கிலீஷில் ஒட்டினால் தப்பு, நாம் விளங்காத தமிழில் ஒட்டினால் சரியா? பேச்சாளர் மேடையில் கரடுமுரடான சொற்களைப் பொழிகிறார். கூட்டம் கை தட்டுகிறது, வீட்டுக்குப் போய் "என்ன சொன்னார்?" என்று பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்கிறது. இது இயக்கத்துக்கு நஷ்டம்.

இன்னொன்று. வடக்கேயிருந்து வந்த பையன் "நான் நேத்து வரும்" என்று தப்பாகச் சொன்னால், சிரிக்கிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். நம் பாட்டன் மலாயைத் தப்பாகப் பேசியபோது தோட்டத்துத் துரையும் இப்படித்தான் சிரித்தான். துரையின் சிரிப்பு நமக்கு எதற்கு? சிரிக்காமல் திருத்துங்கள். திருத்தும்போது அவன் மொழியில் இரண்டு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வழியாகப் போகிற பாலத்தில் பாதி ஜனந்தான் கடக்கும்.

நாம் கேட்பது என்ன?

ஆலை வாசலில் ஒட்டுகிற ஒவ்வொரு தாளும், கையில் தருகிற ஒவ்வொரு சம்பளச் சீட்டும் தமிழில் இருக்க வேண்டும். பிற மாநிலத் தொழிலாளிகள் இருக்கிற இடத்தில் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும். அது கிடைக்கும்வரை, புரியாத தாளில் கைநாட்டும் வைக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.

மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் தமிழில் வாதாட அனுமதி வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வியும், நல்ல இங்கிலீஷும், விரும்புகிற வேறு மொழியும் சர்க்கார் பள்ளியிலேயே வேண்டும். பணம் உள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு மூன்று மொழி, நம் பிள்ளைக்கு மூன்று சைடு என்ற கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இவை சர்க்காரிடமும் முதலாளியிடமும் கேட்பவை. யாரையும் கேட்காமல் நாமே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும், ஒவ்வொரு கிராமத்துச் சாவடியிலும் வாரத்தில் இரண்டு இரவு விளக்கு எரியட்டும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும். கரும்பலகையில் முதல் சொல்லாகக் 'கூலி' என்று எழுதுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன ஆலைக்குத் திரும்புகிறோம். அந்த மாலையில் கூட்டம் கலையுமுன், டீக்கடையில் வேலை பார்க்கிற ஒரு தோழர், சில காலம் சூரத்தில் இருந்தவர், ஒடிசாப் பையன்களிடம் போய் உடைந்த இந்தியில் தாளின் சேதியைச் சொன்னார். அவர்களில் இந்தி தெரிந்த ஒருவன் மற்றவர்களுக்கு ஒடியாவில் சொன்னான். நாம் எதற்குக் கூடினோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. இருபது பேரும் நடந்து வந்து நம்மோடு நின்றார்கள். மறுநாள் காலை சூப்பர்வைசர் முன்னால், ஒரு பத்தொன்பது வயதுப் பையன், தமிழில் முதல் தடவையாக முழுதாக ஒரு வாக்கியம் பேசினான்:

"அண்ணே, மூணு சைடு முடியாது."

எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று பண்டிதர்கள் தேடட்டும். அதிகாரிக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. அந்தத் தாள் இன்னும் கிழியவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் அந்தப் பையனும் ஒருவன்.

ஒவ்வொரு ஆலையிலும், ஒவ்வொரு வயலிலும் அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொடுப்போம். எல்லா மொழியிலும் கற்றுக்கொள்வோம்!